சென்னைக்கு அடியில் இருப்பது சுரங்கமா, வடிகாலா?

வாசகர் கேள்வி, 2024 அக்டோபர் 9

ஜார்ஜ் டவுனில் ஒரு பழைய வீட்டை இடித்தார்கள். தரைக்கு அடியில் செங்கல் வளைவு வைத்த ஒரு வாய் தெரிந்தது. ஆள் குனிந்து போகலாம் போல இருக்கிறது. கோட்டைக்குப் போகிற ரகசியச் சுரங்கம் என்று தெருவே சொல்கிறது. உண்மையா? சென்னைக்கு அடியில் இப்படி எத்தனை சுரங்கம் இருக்கும்?

அக்டோபர் 9, இரவு

நான் மழைநீர் வடிகால் வேலைகளில் ஒப்பந்தக்காரர்களிடம் சைட் சூப்பர்வைசராகப் பல வருடம் இருந்தவன். வடசென்னையிலும் வேலை பார்த்திருக்கிறேன், தென்சென்னையிலும் பார்த்திருக்கிறேன். பள்ளம் தோண்டுகிற ஒவ்வொரு தெருவிலும் யாராவது ஒரு பெரியவர் வந்து நின்று, "சார், இங்கே கோட்டைக்குச் சுரங்கம் போகுது, பார்த்து வெட்டுங்க" என்பார். சுரங்கம் ஒன்றும் எங்கள் பள்ளத்தில் வரவில்லை. செங்கல் வளைவுகள் நிறையவே வந்தன. எல்லாமே தண்ணீர் போவதற்குக் கட்டியவை.

காரணம் மண்தான். ஜார்ஜ் டவுன் இருப்பது கடலோர மணலில். மழைக்காலத்தில் அங்கே ஆள் உயரம் தோண்டுவதற்குள் ஊற்று வந்துவிடும், பக்கச்சுவர் மணல் சரிந்துகொண்டே இருக்கும். இந்தக் காலத்தில், கையில் பொக்லைனும் மோட்டாரும் வைத்துக்கொண்டு ஆறடி ஆழத்துக்கு ஒரு கான்கிரீட் வடிகால் பெட்டி இறக்க நாங்கள் பட்ட பாடு எனக்குத் தெரியும். இரவெல்லாம் மோட்டார் ஓட வேண்டும். அது அரை மணி நேரம் நின்றால் காலையில் பள்ளம் குளமாகக் கிடக்கும். பம்பு இல்லாத காலத்தில் அந்த மண்ணில் நீளமாகச் சுரங்கம் வெட்டி, அதில் ஆள் நடக்கிற மாதிரி வறட்சியாக வைத்திருப்பது நடக்கிற காரியமாக எனக்குத் தோன்றவில்லை.

உங்கள் வளைவின் அடித்தளத்தைப் பாருங்கள். அடி உருண்டையாகவோ, முட்டையின் கூர்முனை கீழே இருப்பது போலவோ இருந்தால் அது தண்ணீருக்குக் கட்டியதுதான். குறைந்த தண்ணீர் வரும்போதும் ஓட்டம் நிற்காமல் சேற்றை இழுத்துக்கொண்டு போக வேண்டும் என்பதற்காக அப்படிக் கட்டுவார்கள். மனிதன் நடக்கக் கட்டினால் தரை தட்டையாக இருக்கும்.

அக்டோபர் 10

நேற்று எழுதியதோடு ஒன்று சேர்க்க வேண்டும். தட்டையான தரை இருந்தால் உடனே சுரங்கம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். நிலவறையாக இருக்கலாம். பழைய நீர்வழியாகவும் இருக்கலாம். அந்தப் பகுதிக்கு அதில் பெரிய வரலாறு உண்டு. ஏழுகிணறு தெரு என்று இன்றும் சொல்கிறோமே, அங்கிருந்துதான் 1772இல் கோட்டைக்குக் குடிநீர் கொண்டுபோகும் ஏற்பாடு தொடங்கியது. தண்ணீர் குழாய்களில் கோட்டைக்குப் போனது. "கோட்டைக்கு அடியில் வழி போகுது" என்ற தெருப்பேச்சுக்கு இதுவே வேராக இருக்கலாம் என்பது என் ஊகம். வழி போனது உண்மை, போனது தண்ணீர்.

அடுத்த நூற்றாண்டில் 1872 வாக்கில் செங்குன்றம் ஏரித் தண்ணீர் திறந்த மண் வாய்க்காலில் கீழ்ப்பாக்கத்துக்கு வந்தது. 1914இல் அதை மூடிய கட்டுமானக் கால்வாயாக மாற்றி, கீழ்ப்பாக்கத்தில் மணல் வடிகட்டிகளும் கட்டினார்கள். மேட்லி என்ற பொறியாளரின் வேலை அது. சென்னைக்கு அடியில் பெருமைப்படத்தக்க சுரங்கம் வேண்டும் என்றால் அதைச் சொல்லலாம்.

உள்ளே இறங்கிப் பார்க்கட்டுமா என்று தனியாகக் கேட்டிருந்தீர்கள். கூடாது. இதை விளையாட்டாகச் சொல்லவில்லை. ஏன் என்று பிறகு விரிவாக எழுதுகிறேன்.

அக்டோபர் 11

இன்னொருவர் கேட்கிறார்: பாதாள சாக்கடையும் மழைநீர் வடிகாலும் ஒன்றுதானே?

வேறு வேறு. சென்னையில் இரண்டும் தனித்தனி ஏற்பாடு. கழிவுநீர் குழாயில் போய் உந்துநிலையத்துக்குச் சேர்ந்து, அங்கிருந்து கொடுங்கையூர், கோயம்பேடு, நெசப்பாக்கம், பெருங்குடி என்று சுத்திகரிப்பு நிலையங்களுக்குத் தள்ளப்படுகிறது. ஊர் தட்டையாக இருப்பதால் சரிவிலேயே ஓடவிட முடியாது, அதனால்தான் 200க்கும் மேற்பட்ட உந்துநிலையங்கள். மழைநீர் வடிகாலுக்குப் பம்பு கிடையாது. சுரங்கப்பாதை மாதிரி சில பள்ளமான இடங்களைத் தவிர மற்ற எங்கும் அது தானாகச் சரிந்து கால்வாய்க்கோ ஆற்றுக்கோ போய் விழ வேண்டும்.

தனித்தனி என்பது வரைபடத்தில். தெருவில் நடப்பதை ஏப்ரல் மாதம் வடிகால் மூடியைத் திறந்து பார்த்தால் தெரிந்துகொள்ளலாம். மழையே இல்லாத மாதத்தில் உள்ளே கறுப்பாக ஏதாவது ஓடினால், யாரோ வீட்டுக் கழிவுநீரை அதில் விட்டிருக்கிறார்கள்.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு, அதை யாரும் பேசுவதில்லை. மழையில் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றால், நல்ல எண்ணத்தில் யாராவது பாதாள சாக்கடை மூடியைக் கடப்பாரையால் நெம்பித் திறந்துவிடுவார். தெருத் தண்ணீர் இறங்கும், எல்லாருக்கும் சந்தோஷம். அந்தக் குழாயோ வீட்டுக் கழிவுநீருக்கு மட்டும் கணக்குப் போட்டுப் பதித்தது. அது நிரம்பி, நாலு தெரு தள்ளித் தாழ்வாக இருக்கிற ஒரு வீட்டின் குளியலறை வழியாக மேலே வரும். திறந்த மூடி கலங்கல் தண்ணீருக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாது, நடந்து வருபவர் உள்ளே போய்விடுவார். தயவுசெய்து திறக்காதீர்கள்.

அக்டோபர் 13

சுரங்கப் பேச்சைவிட எனக்கு முக்கியமாகப் படுவதை எழுதிவிடுகிறேன். எந்த வடிகாலைப் பற்றிப் பேசினாலும் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: அது எங்கே போய் விழுகிறது? எவ்வளவு அகலம், எத்தனை கோடி, எப்போது கட்டினார்கள் என்பதெல்லாம் அப்புறம்.

தி.நகரை எடுத்துக்கொள்ளுங்கள். நுங்கம்பாக்கத்திலிருந்து மாம்பலம், சைதாப்பேட்டைப் பக்கம் வரை ஒரு நீண்ட ஏரி கிடந்தது. 1920களில் அதை வடித்து மனை போட்டதில் பிறந்ததுதான் தி.நகர். மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இருக்கிறது, லேக்கைக் காணோம். நுங்கம்பாக்கத்தில் டேங்க் பண்ட் ரோடும் லேக் ஏரியாவும் இருக்கின்றன. சேத்துப்பட்டில் ஸ்பர் டேங்க் ரோடு. வள்ளுவர் கோட்டம் நிற்பதும் ஏரி இருந்த இடத்தில்தான்.

ஏரி போனாலும் ஏரிக்குள் வந்த தண்ணீர் இன்னும் வருகிறது. அதற்கு இப்போது மிஞ்சியிருப்பது மாம்பலம் கால்வாய். வள்ளுவர் கோட்டத்துப் பக்கம் தொடங்கி, தி.நகரைக் கடந்து, நந்தனம் வழியாக அடையாற்றில் விழுகிறது. அன்றாடம் அதன் மேல் நடக்கிறவர்களுக்கே அப்படி ஒன்று இருப்பது தெரியாது, பல இடங்களில் அவ்வளவு ஒடுங்கிக் கிடக்கிறது. 2021 நவம்பரில் தி.நகர் நாள்கணக்கில் தண்ணீரில் நின்றது நினைவிருக்கும். தெருவுக்குத் தெரு புது வடிகால் இருந்தும் எல்லாம் போய் விழ வேண்டிய கால்வாய் ஒன்றுதான். அது அடைபட்டால் மேலே எத்தனை வடிகால் கட்டினாலும் அவை தண்ணீரைத் தேக்கி வைக்கிற நீளத் தொட்டிகளாகவே நிற்கும்.

அக்டோபர் 15, மாலை

மழை. வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாகக் காரைக் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறார்கள். கேலி செய்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: 2015இலும் 2023இலும் வண்டியை இழந்தவர்கள் அவர்கள். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்வேன்.

வேளச்சேரித் தண்ணீர் எங்கே போய் விழுகிறது என்று கேட்டுப் பாருங்கள். முதலில் பள்ளிக்கரணைச் சதுப்பு. அங்கிருந்து ஒக்கியம் மடுவு என்ற ஓடை. மடுவிலிருந்து பக்கிங்ஹாம் கால்வாய். கால்வாயில் தெற்கே போய், முட்டுக்காட்டில்தான் கடல். கடற்கரை கிழக்கே சில கிலோமீட்டர் தூரத்தில் இருக்க, தண்ணீர் இத்தனை சுற்றிப் போகிறது. நடுவில் ஏதாவது ஓர் இடத்தில் மேடு தட்டினால் வேளச்சேரிக் கார்களுக்குப் பாலம்தான் கதி.

அக்டோபர் 17

சிவப்பு எச்சரிக்கை சொன்ன அளவுக்கு நேற்று மழை இல்லை. காற்றழுத்தத் தாழ்வு வடக்கே கரையைக் கடந்துவிட்டது. "பார்த்தீர்களா, வடிகால் வேலை பிரமாதம், தண்ணீரே நிற்கவில்லை" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். 15ஆம் தேதி மழைக்கு, முன்பு நின்ற சில இடங்களில் சீக்கிரம் வடிந்தது என்பதை நானும் பார்த்தேன். நல்ல வேலை நடந்த இடத்தை நல்லது என்று சொல்லத்தான் வேண்டும். 2021க்குப் பிறகு ஓய்வுபெற்ற ஐஏஎஸ் அதிகாரி திருப்புகழ் தலைமையில் குழு அமைத்து வேலையை முடுக்கினார்கள், அதன் பலன் சில தெருக்களில் தெரிகிறது. ஆனால் வராத மழையை வைத்து வடிகாலுக்கு மதிப்பெண் போட முடியாது.

சரிவுக் கணக்கைச் சொல்கிறேன், ஏன் இது இவ்வளவு கஷ்டம் என்று புரியும். ஆயிரத்துக்கு ஒன்று என்று சரிவு வைத்தால் நூறு மீட்டர் தூரத்துக்குப் பத்து சென்டிமீட்டர் இறங்க வேண்டும். கேட்க ஒன்றுமில்லாதது மாதிரி இருக்கிறது. ஒரு கிலோமீட்டர் போனால் ஒரு மீட்டர். சென்னையின் பெரும்பகுதி கடல்மட்டத்திலிருந்து சில மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது. தெருமட்டத்துக்குக் கீழே மூன்று நாலு அடியில் தொடங்குகிற வடிகால், இரண்டு கிலோமீட்டர் போவதற்குள் கால்வாயின் தண்ணீர்மட்டத்துக்கே வந்துவிடும். விளையாட இடமே இல்லை. இதில் கொத்தனார் ஒரு இடத்தில் அடிக் கான்கிரீட்டை மூன்று அங்குலம் தூக்கிப் போட்டுவிட்டால், அதற்குப் பின்னால் எழுபது எண்பது மீட்டருக்குத் தண்ணீர் நிற்கும். நின்ற இடத்தில் வண்டல் படியும், வண்டல் மேல் பிளாஸ்டிக் உட்காரும், இரண்டு மழையில் பாதிப் பெட்டி அடைந்துவிடும். மேலே மூடி போட்ட பிறகு யாருக்குத் தெரியும்?

அதனால்தான் மூடி போடுவதற்கு முன்னால் மட்டம் பார்க்கிற அந்த ஒரு மணி நேரத்துக்காக நான் மேஸ்திரிகளோடு சண்டை போட்டிருக்கிறேன். "சார், மழை வந்தா தண்ணியே வழி கண்டுபிடிச்சுக்கும்" என்பார் ஒருவர். கண்டுபிடிக்கும், வீட்டுக்குள்ளே கண்டுபிடிக்கும் என்பேன்.

அக்டோபர் 18

விட்டுப்போனது: குறுக்கே போகிற குழாய்கள். வடிகால் பெட்டிக்குள் நட்டநடுவே ஒரு குடிநீர்க் குழாயோ கேபிள் கட்டோ கடந்து போகும். எடுத்து மாற்ற இன்னொரு துறையின் அனுமதி வேண்டும், அது வருவதற்குள் மழை வந்துவிடும், சரி என்று அப்படியே விட்டு மேலே மூடிவிடுவார்கள். அந்தக் குழாயில்தான் எல்லாம் மாட்டும். நாங்கள் ஒரு தெருவில் அடைப்பு எடுத்தபோது வந்தது ஒரு முழு இலவம்பஞ்சு மெத்தை. அத்தனை சிறிய வாய்க்குள் அது எப்படிப் போனது என்று அந்தத் தெருவில் இன்றுவரை பேசிக்கொண்டிருப்பார்கள்.

நவம்பர் 3

உள்ளே இறங்கக் கூடாது என்று சொன்னேன் அல்லவா, அதை எழுதுகிறேன்.

மூடிய இடத்தில் கழிவு அழுகினால் ஹைட்ரஜன் சல்பைடு உண்டாகும். காற்றைவிடக் கனமானது, அடியில் தங்கும். கொஞ்சமாக இருக்கும்போது அழுகிய முட்டை வாடை அடிக்கும். அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் வாடையே தெரியாது. "நாற்றம் போய்விட்டது, இறங்கலாம்" என்று நினைக்கிற நேரம்தான் அபாயம் அதிகம். இன்னும் கூடினால் இரண்டு மூச்சில் ஆள் விழுந்துவிடுவார். விழுந்தவரைத் தூக்க அண்ணனோ மைத்துனனோ இறங்குவார், அவரும் விழுவார். செய்திகளில் மூன்று பேர், நாலு பேர் என்று வருவது இப்படித்தான்.

என்னோடு வேலை செய்த ஒரு பெரியவர், இளவயதில் பாதாள சாக்கடையில் இறங்கி வேலை பார்த்தவர். மூடியைத் திறந்ததும் கரப்பான்பூச்சி ஓடுகிறதா என்று பார்ப்பார்களாம். ஓடினால் காற்று இருக்கிறது என்று இறங்குவார்களாம். "தம்பி, கரப்பானை நம்பித்தான் எங்க உசுரு இருந்துச்சு" என்றார். சிலர் தீக்குச்சி கொளுத்திப் போட்டுப் பார்ப்பார்களாம். மீத்தேன் இருந்தால் அதுவே வெடிக்கும்.

1993இல் ஒரு சட்டம், 2013இல் இன்னும் கடுமையான சட்டம். பாதுகாப்புக் கருவி இல்லாமல் மனிதரைச் சாக்கடையில் இறக்குவது குற்றம். 2014இல் உச்ச நீதிமன்றம், 1993 முதல் இப்படி இறந்த ஒவ்வொருவரின் குடும்பத்துக்கும் 10 லட்சம் கொடுக்கச் சொன்னது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக்கியது. கேரளத்தில் இளைஞர்கள் பாண்டிகூட் என்று ரோபோவே செய்துவிட்டார்கள். தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி அடைப்பெடுக்கிற ஜெட்ராடிங் வண்டி இருக்கிறது, உறிஞ்சும் லாரி இருக்கிறது. இத்தனைக்குப் பிறகும் ஆள் இறங்குகிறார் என்றால், லாரிக்கு வாடகை அதிகம், ஆளுக்குக் கூலி குறைவு என்று ஒருவர் கணக்குப் போட்டிருக்கிறார் என்று அர்த்தம். யார் இறங்குகிறார்கள் என்று பார்த்தால் எந்தச் சாதியினர் என்பதும் எல்லாருக்கும் தெரியும். இதைச் சொல்லாமல் சென்னையின் அடிநிலத்தைப் பற்றி எழுதுவது எனக்கு நேர்மையாகப் படவில்லை.

வீட்டு செப்டிக் டேங்கும் இதே கதைதான். அபார்ட்மென்ட் சங்கத்தில் இருப்பவர்கள் கவனியுங்கள்: "ஆளே இறங்கிச் சுத்தம் பண்ணிடுவாங்க, செலவு கம்மி" என்று யாராவது சொன்னால் அங்கேயே நிறுத்துங்கள். பொறுப்பு உங்களுடையதும்தான்.

நவம்பர் 4

மேலே உள்ளதைப் படித்துவிட்டு ஒருவர், மழைநீர் வடிகாலில் கழிவே இல்லையே, அதில் இறங்கலாமே என்கிறார். ஏப்ரலில் ஓடுகிற கறுப்புத் தண்ணீரைப் பற்றி மேலே எழுதியிருக்கிறேன், மறுபடி படியுங்கள். வாயு பெயர்ப்பலகை பார்த்து வருவதில்லை.

நவம்பர் 21

மெட்ரோ சுரங்கத்தை ஏன் விட்டுவிட்டீர்கள் என்ற கேள்வி நியாயமானது. சென்னையில் மனிதர் போகிற உண்மையான சுரங்கம் அதுதான், முதல் நிலத்தடிப் பகுதி 2017 மே மாதம் திறந்தது. அதற்கு ஒரு மாதம் முன்பு அண்ணா சாலையில் திடீர்ப் பள்ளம் விழுந்து ஒரு பேருந்தும் காரும் உள்ளே இறங்கி நின்றதைப் பார்த்திருப்பீர்கள். முதல் நாள் எழுதிய மண் விஷயம் இதுவேதான். சுரங்கம் வெட்டுகிற இயந்திரம் முகப்பில் அழுத்தம் கொடுத்து மண்ணைத் தாங்கிக்கொண்டே போகிறது. தளர்ந்த மண்ணில் அந்த அழுத்தம் பிசகினால் மேலே தரை இறங்கும். இத்தனை ஏற்பாட்டோடு வெட்டும்போதே இப்படி என்றால், மண்வெட்டியும் கூடையும் வைத்துக்கொண்டு கோட்டைக்குச் சுரங்கம் என்பதை நீங்களே யோசியுங்கள்.

பக்கிங்ஹாம் கால்வாய்க்குள் பறக்கும் ரயில் தூண்களை நட்டதையும் இங்கே சொல்ல வேண்டும். கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கிற அந்த நடுப்பகுதியை 1877-78 பஞ்சத்தில் பசித்த மக்கள் கூலிக்குத் தோண்டினார்கள். படகு போன கால்வாய். நூறு வருடத்துக்குப் பிறகு அரசுக்கு இலவசமாகக் கிடைத்த நிலம் என்று அதன் வயிற்றிலேயே தூண் இறக்கினார்கள். ரயில் வேண்டாம் என்று சொல்லவில்லை, நானே அதில் போகிறவன். ஆனால் மயிலாப்பூர், திருவல்லிக்கேணி வடிகால்கள் பலவும் விழுகிற இடத்தைக் குறுக்கிவிட்டோம். அந்த இழப்பை எந்தப் புது வடிகாலும் ஈடுகட்டாது.

டிசம்பர் 1

ஃபெஞ்சல் புயல் நேற்று இரவு புதுச்சேரிப் பக்கம் கரை கடந்தது. விமான நிலையத்தையே மூடினார்கள். நான் இருப்பது கால்வாய்க்குப் பக்கத்துத் தெரு. மழை விட்டு வெகுநேரம் ஆகியும் வடிகாலில் தண்ணீர் விளிம்புவரை அசையாமல் நின்றது. பக்கத்து வீட்டுக்காரர், அடைப்பு, உடனே ஆளைக் கூப்பிடுங்கள் என்று பதறினார். அடைப்பு இல்லை. மூடி இடுக்கில் ஒரு குச்சியை விட்டு மட்டத்தைக் குறித்து வைத்தோம். கடல் இறங்கத் தொடங்கிய பிறகு அதுவும் மெல்ல இறங்கியது.

சென்னையில் ஏற்றவற்றத்தின் வித்தியாசம் சுமார் ஒரு மீட்டர். சின்னதுதான். மேலே சொன்ன சரிவுக் கணக்கோடு சேர்த்துப் பாருங்கள், ஒரு கிலோமீட்டர் வடிகாலின் மொத்தச் சரிவும் அதற்குள் போய்விடுகிறது. புயல் நேரத்தில் கடல் இன்னும் ஏறி நிற்கும். அதோடு கூவம் முகத்துவாரத்தில் மணல் வேறு. வருடத்தின் பெரும்பகுதி கடலோட்டம் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளுகிறது. துறைமுகச் சுவர் வந்த பிறகு அந்த மணல் தெற்குப் பக்கம் தேங்கி மெரினா அகன்றது, வடக்கே ராயபுரம் பக்கம் கரை அரித்தது. மெரினாவில் நாம் காலாற நடக்கிற அதே மணல்தான் ஆற்றின் வாயிலும் வந்து அடைக்கிறது. நேப்பியர் பாலத்துக்கு அந்தப் பக்கம் தூர் வாருவது ஒருமுறை செய்து முடிக்கிற வேலையே இல்லை.

டிசம்பர் 8

முதலில் கேள்வி கேட்டவர் மீண்டும் வந்து எழுதியிருக்கிறார். வளைவின் அடி உருண்டையாகத்தான் இருக்கிறதாம். மனை உரிமையாளர் கான்கிரீட் கொட்டி அடைத்துவிட்டு மேலே அஸ்திவாரம் போடப் போகிறாராம்.

தடுக்க முடிந்தால் இப்போதே தடுங்கள். அது செத்த வடிகாலா, இன்னும் யார் வீட்டுத் தண்ணீராவது அதில் போகிறதா என்று தெரியாமல் அடைக்கக் கூடாது. பார்ப்பது எளிது. மேல்பக்கத்து வீடுகளில் ஒவ்வொன்றாக ஒரு வாளி தண்ணீரில் கொஞ்சம் சாயம் கலந்து முற்றத்து வடிகாலில் ஊற்றச் சொல்லுங்கள். நீங்கள் வளைவின் வாய்க்கு வெளியே, மேலே நின்று பாருங்கள். சாயம் வந்தால் அது உயிரோடு இருக்கிறது. படம் எடுத்து, வாயின் அகலம், உயரம், தெருமட்டத்திலிருந்து எவ்வளவு ஆழம், எந்தத் திசையில் சரிகிறது என்று குறித்து, வார்டு பொறியாளரிடம் எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். வாய்மொழியாகச் சொன்னால் அடுத்த வருடம் அவர் மாற்றலாகிப் போய்விடுவார், விஷயமும் அவரோடு போய்விடும்.

அந்தத் தெருவில் முன்பு வேலை செய்த துப்புரவுத் தொழிலாளர்கள் யாராவது இருந்தால் அவர்களிடம் கேளுங்கள். எந்த வாய் எந்தக் கால்வாயில் விழுகிறது என்பது நான் வேலை பார்த்த தெருக்களில் வரைபடத்தைவிட அவர்களுக்குத்தான் சரியாகத் தெரிந்தது. பெரம்பூர்க்காரர் ஒருவர் ஓட்டேரி நல்லா என்ற கால்வாயில் விழுகிற வாய்களைப் பற்றிக் கேட்டிருந்தார், அவருக்கும் இதே பதில்தான். அவர்கள் சொல்வதை எழுதி இங்கே போடுங்கள். தெருப் பெயர், திசை, விழுகிற இடம், இந்த மூன்றும் போதும்.